தொழிற்களங்களின் லேசர் வருடலும் எண்ணிம மாதிரியாக்கமும்: மாத்தளை மாவட்டப் பின்னணியில்

தொழிற்களங்களின் லேசர் வருடல் என்பது ஆலை, மின்நிலையம், அணை போன்ற ஓரிடத்தின் மேற்பரப்புகளை லேசர் ஒளியால் அளந்து, கோடிக்கணக்கான புள்ளிகளாகப் பதிவுசெய்யும் முறை. இந்தப் பதிவு புள்ளித் திரள் எனப்படும். அதிலிருந்து குழாய், வால்வு, தூண், இயந்திரம் என ஒவ்வொன்றையும் பெயரும் அளவும் கொண்ட பொருளாக மீட்டு வரைவது எண்ணிம மாதிரியாக்கம். வருடல் சில நாட்களில் முடிந்துவிடும். மாதிரியாக்கத்துக்குப் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு காலம் பிடிக்கும். ஓரிடத்தில் ஏதோ இருக்கிறது என்பதைப் புள்ளித் திரள் காட்டும். அது என்ன என்பதைக் களத்தை அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

மாத்தளை மாவட்டத்தின் களங்கள்

இலங்கையின் மத்திய மாகாணத்தைச் சேர்ந்த மாத்தளை மாவட்டத்தில், மகாவலி நீரைத் திருப்பும் திட்டத்தின் முக்கியக் கட்டமைப்புகள் பல உள்ளன. கண்டி மாவட்டத்தின் பொல்கொல்லவில் மறிக்கப்படும் மகாவலி நீர், ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்தை வந்தடைகிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய இந்நிலையத்தின் திறன் ஏறக்குறைய 40 மெகாவாட். அங்கிருந்து வெளியேறும் நீர் சுது கங்கை வழியே அம்பன் கங்கையில் சேர்ந்து போவதென்ன நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. போவதென்ன மின்நிலையம் 1981இல் இயங்கத் தொடங்கியது. அதன் திறனும் 40 மெகாவாட். அம்பன் கங்கையில் இன்னும் கீழே, 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த அணையில் 25 மெகாவாட் மின்நிலையம் இருக்கிறது.

மாவட்டத்தின் மலைப்பகுதித் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலைகள் உள்ளன. மலையகத் தமிழர் இவற்றை 'ஸ்டோர்' என்று அழைக்கிறார்கள். கொழுந்தை வாட்டும் மாடித் தளங்கள், அரைக்கும் இயந்திரங்கள், உலர்த்திகள், சல்லடைகள் எனப் பல தலைமுறைகளில் சேர்க்கப்பட்ட பாகங்களை ஒரே ஸ்டோரில் காணலாம். அரை நூற்றாண்டாக ஓடும் மின்நிலையமானாலும் பழைய ஸ்டோரானாலும், கட்டும்போது வரைந்த வரைபடத்துக்கும் இன்று நிற்கும் நிலைக்கும் இடையே வேறுபாடு ஏற்படுவது இயல்பு. ஒரு குழாயை வளைத்துப் போட்டிருப்பார்கள், ஒரு தூணுக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள், ஓர் இயந்திரத்தை நகர்த்தியிருப்பார்கள். இந்த இடைவெளியை அளந்து காட்டுவதே லேசர் வருடலின் முதற்பயன்.

அளவீடு எவ்வளவு நுணுக்கமாக வேண்டியிருக்கும் என்பதற்கு நாலந்த கெடிகே என்னும் கற்கோயில் நல்ல சான்று. போவதென்ன நீர்த்தேக்கம் அதை மூழ்கடிக்கும் நிலை வந்தபோது, 1970களின் பிற்பாதியில் இந்தக் கற்கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் கட்டினார்கள். கையில் எடுத்துச் செல்லக்கூடிய லேசர் வருடிகள் அப்போது உலகில் எங்கும் இல்லை.

வரலாறு

ஈராக்கின் மோசுல் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கட்டுமானப் பொறியியலாளர் பென் கசைரா, தம் குழுவினருடன் 1990களில் சைரா டெக்னாலஜிஸ் நிறுவனம் வழியாகக் எடுத்துச் செல்லக்கூடிய முப்பரிமாண லேசர் வருடியை உருவாக்கினார். ஏற்கெனவே கட்டப்பட்ட ஆலைகளின் உண்மை நிலையை அளப்பது அதன் முதன்மை நோக்கங்களில் ஒன்று. 2001இல் அந்நிறுவனத்தை லைக்கா ஜியோசிஸ்டம்ஸ் வாங்கியது. அதே ஆண்டு ஆப்கானிஸ்தானில் பாமியான் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்டன. அதன்பின் 2003இல் கசைரா தம் மனைவியுடன் சேர்ந்து, பாரம்பரியச் சின்னங்களை வருடிப் பாதுகாக்கும் சையார்க் அமைப்பைத் தொடங்கினார்.

இன்று உலகெங்கும் இலவசமாகப் பயன்படும் கிளவுட்கம்பேர் மென்பொருளும் ஆலைகளோடு தொடர்புடையதே. பிரான்சின் மின்சார நிறுவனமான ஈ.டி.எஃப்.இன் ஆய்வுப் பிரிவோடு இணைந்து செய்யப்பட்ட முனைவர் பட்ட ஆய்விலிருந்து அது உருவானது.

அளவிடும் முறை

வருடி ஒரு லேசர்த் துடிப்பை அனுப்புகிறது. அது பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணிக்கிறது. ஒளி ஒரு நொடிக்கு 29,97,92,458 மீற்றர் செல்லும். ஆகவே போய்வர ஒரு நானோநொடி ஆனால் தூரம் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர். 3 மில்லிமீற்றர் வேறுபாட்டை அறிய நேரத்தை 20 பிக்கோநொடி அளவுக்குப் பிரித்தறிய வேண்டும். வேறு சில கருவிகள், தொடர்ந்து செல்லும் ஒளியின் கட்ட மாற்றத்தைக் கொண்டு தூரத்தைக் காண்கின்றன. தூரத்துடன் கிடைக்கோணமும் குத்துக்கோணமும் சேரும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று ஆயங்கள் கிடைக்கின்றன. திரும்பிவரும் ஒளியின் செறிவும், படக்கருவி இருந்தால் நிறமும் அதனுடன் பதிவாகும்.

களப்பணி

ஒளிபுகாப் பொருளை லேசர் ஊடுருவாது. நேர்ப்பார்வையில் படாத பரப்பு பதிவில் வெற்றிடமாகவே இருக்கும். அதனால் ஒரே கூடத்தில் பல நிலைகளில் கருவியை நிறுத்துகிறார்கள். பளபளக்கும் உருக்குத் தகடு, கரிய பரப்பு, தேங்கிய நீர் ஆகியவை ஒளியைச் சிதறடித்தோ விழுங்கியோ பிழையை உண்டாக்கும். ஸ்டோரில் மிதக்கும் தேயிலைத் தூசும் மெல்லிய துய்யும் காற்றில் போலிப் புள்ளிகளாகப் பதியும். இயந்திரம் ஓடும்போது மாடியின் பலகைத் தளம் அதிரும். முக்காலி அசைந்தால் அந்நிலையின் பதிவு முழுவதும் சரிந்துவிடும். ஆகவே தொழிற்சாலையில் உற்பத்தி இல்லாத நேரத்திலும், மின்நிலையத்தில் பராமரிப்புக்காகச் சுழலிகளை நிறுத்தும் நாட்களிலும் வருடுவதே பொருத்தம்.

இணைத்தலும் இடங்குறித்தலும்

தனித்தனி நிலைகளின் பதிவுகளைப் பொதுவான குறியட்டைகள், கோளங்கள் அல்லது பரப்புகளைக் கொண்டு ஒன்றாகப் பொருத்துவார்கள். இதற்கு அடிப்படையான அணுக்கப் புள்ளி மீள்செயல் முறையை பெஸ்லும் மக்கேயும் 1992இல் வெளியிட்டார்கள். பொருத்தும்போது சிறிதாகத் தெரியும் பிழை, நீண்ட சுரங்கத்தில் நிலைக்கு நிலை சேர்ந்து பெரிதாகும். அதைக் கட்டுப்படுத்த நில அளவைக் கருவியால் அளந்த நிலையான புள்ளிகள் தேவை.

பதிவை நாட்டின் ஆயமுறையுடன் இணைக்க எஸ்.எல்.டி.99 பயன்படுகிறது. பிதுருதலாகலையை மையமாகக் கொண்ட இம்முறையில் மையத்துக்குக் கிழக்கிலும் வடக்கிலும் 5 இலட்சம் மீற்றர் என மதிப்புத் தரப்பட்டுள்ளது. எனவே மாத்தளை நகரின் கிழக்கு ஆயம் 4 இலட்சத்து 83 ஆயிரத்தையும் வடக்கு ஆயம் 5 இலட்சத்து 52 ஆயிரத்தையும் ஒட்டி வரும். இவ்வளவு பெரிய எண்ணை 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமிக்கும் மென்பொருளில், கிழக்கில் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர், வடக்கில் 6 சென்ரிமீற்றர் தாவல்களாகவே புள்ளி அமரும். மில்லிமீற்றர் நுட்பத்தில் அளந்த உழைப்பு அங்கே வீணாகும். களத்துக்கென ஓர் உள்ளூர் மையத்தை வைத்து, இரண்டு ஆயமுறைகளுக்கும் உள்ள தொடர்பை எழுதிவைப்பதே இதற்குத் தீர்வு.

புள்ளியிலிருந்து பொருளுக்கு

மாதிரியாக்கம் இரண்டு வழிகளில் நடக்கிறது. புள்ளிகளை முக்கோணங்களால் இணைத்து வலைப்பரப்பாக்குவது ஒன்று. பாறைச் சுவர், அணையின் முகம் போன்ற ஒழுங்கற்ற பரப்புகளுக்கு இது ஏற்றது. உருளை, தளம், உருக்குச் சட்டம் என வடிவியல் பொருள்களைப் பொருத்துவது மற்றொன்று. குழாய்களுக்கும் இயந்திரங்களுக்கும் இதுவே தேவை. தவறான புள்ளிகளுக்கு இடையிலும் சரியான வடிவத்தைக் கண்டுபிடிக்க, பிஷ்லரும் போல்சும் 1981இல் வெளியிட்ட ரான்சாக் கணிப்புமுறை உதவுகிறது.

ஒரு 4 அங்குலக் குழாயை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிவிட்டம் 114.3 மில்லிமீற்றர். 10 மீற்றர் தொலைவில் 6 மில்லிமீற்றர் இடைவெளியில் வருடினால், அதன் குறுக்கே ஏறக்குறைய 19 புள்ளிகள் விழும். அவையும் கருவியை நோக்கிய பாதியில் மட்டுமே. மென்பொருள் 113.6 என்று காட்டினால், குழாய்களின் தர அளவுகளை அறிந்தவர் அதை 114.3 என வைப்பார். அதே குழாய் 50 மில்லிமீற்றர் வெப்பக்காப்பு சுற்றிய நீராவிக் குழாயாக இருந்தால் வெளிவிட்டம் 214.3 ஆகிவிடும். 8 அங்குலக் குழாயின் விட்டம் 219.1. கணினி இரண்டையும் எளிதில் குழப்பிக்கொள்ளும். மேலே தெரிவது உலோகமா, காப்புறையா என்பதைப் படத்தைப் பார்த்தோ, அங்கே வேலை செய்தவரிடம் கேட்டோதான் உறுதிசெய்ய வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் வரைந்த மாதிரி, பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், வேலைக்கு உதவாது.

பயன்பாடு

ஒரு மாதிரி எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும் என்பது அதன் தேவையைப் பொறுத்தது. பழைய சுழலியின் பாகத்தை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்க, சுற்றியுள்ள தடைகளின் வெளிவடிவம் போதும். புதிய குழாயை முன்கூட்டியே செய்துவந்து பொருத்த, இணைப்புத் தட்டின் துளைகள் வரை வேண்டும். அணையின் நகர்வைக் கண்காணிக்க மாதிரியே தேவையில்லை. வெவ்வேறு காலத்தில் எடுத்த இரு புள்ளித் திரள்களை ஒப்பிட்டால் போதும். இதற்கான எம்3சி2 முறை 2013இல் வெளிவந்தது. கண்ட வேறுபாடு அளவீட்டுப் பிழையை விடப் பெரியதா என்பதையும் அது கணித்துச் சொல்லும்.

பேணல்

வடிவமைப்பு மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றின் கோப்பு அடுத்ததில் திறக்காமல் போகலாம். எனவே மாதிரியுடன் மூலப் புள்ளித் திரளையும், எந்த நிறுவனத்தையும் சாராத ஈ57 வடிவத்தில் சேமிப்பது நல்லது. இது 2011இல் தரநிலையாக வெளியிடப்பட்டது. வருடிய நாள், கருவி, பொருத்தப் பிழை, ஆயத் தொடர்பு ஆகியவற்றுடன், எந்தப் பகுதி நேரடியாக அளந்தது, எந்தப் பகுதி ஊகித்து வரைந்தது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். மின்நிலையத்திலும் ஸ்டோரிலும் நீண்டகாலம் பணிபுரிந்தவர்கள் சொல்லும் குழாயின் பெயர், வால்வின் வேலை, மாற்றம் செய்த காரணம் ஆகியவையும் இந்தப் பதிவின் பகுதியே. அவர்கள் ஓய்வுபெறும் முன்பே அவற்றைக் கேட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே எழுதிவைக்க வேண்டும். கட்டடத்தை அடுத்த ஆண்டிலும் வருடிக்கொள்ளலாம். அந்த விவரத்தை அளக்கும் கருவி ஒன்றும் கிடையாது.