கம்பி போகும் வழி

ஆரணியில் கம்பி என்றால் முதலில் ஜரிகைதான் நினைவுக்கு வரும். வெள்ளியை அச்சுத் துளைகளில் இழுத்து மயிரிழையாக்கி, தட்டையடித்து, நூலில் சுற்றி முலாம் ஏற்றுவார்கள். சூரத்திலிருந்து வரும் அந்தச் சுருள் இங்கே தறியேறி முந்தானையாகிறது.

அதே ஊர் இரும்புக் கடையில் இன்னொரு கம்பியும் உண்டு. அதுவும் அச்சில் இழுத்ததுதான். துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜி.ஐ. கம்பி. எடை போட்டு வாங்கலாம். பந்தலுக்கும் கொடிக்கும் போகும், ஜவ்வாது மலையடிவாரக் கொல்லைகளுக்கும் போகும்.

அங்கே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி இறங்குகிறது. நகையை அடகு வைத்து விதைத்த நிலத்தை ஒரே ராத்திரியில் கிளறிவிட்டுப் போய்விடும். விடிந்து வந்து பார்ப்பவருடைய வயிற்றெரிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பி கட்டுவதையும் குறை சொல்ல மாட்டேன். அதன் நுனி எதில் போய்ச் சேர்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

முறையான மின்வேலிக் கருவியில் சேர்ந்தால், சில ஆயிரம் வோல்ட் பாயும். ஆனால் நொடிக்கு ஒருமுறை, இமைப்பொழுதுகூட நீடிக்காத ஒரு துடிப்பாக. தொட்ட விலங்கு சுளீரென்று வலி கண்டு, அடுத்த துடிப்புக்குள் விலகிவிடும். பம்ப்செட் லைனிலிருந்து கொக்கி போட்டால் கதை வேறு. 230 வோல்ட்தானே என்று தோன்றும். அந்த மின்சாரம் இடைவெளி விடாது. தசை இறுகும், விலக முடியாது, இதயம் தடுமாறி நின்றுவிடும். பன்றி என்றும் மான் என்றும் அது பார்ப்பதில்லை. இருட்டில் மடை திருப்ப வரும் மனிதரையும் விடுவதில்லை.

2023 மார்ச் 7. தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்கென்று கட்டிய இப்படியொரு வேலியில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்தன. தப்பிய இரண்டு குட்டிகள் அந்த உடல்களை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வந்தன. நிலத்துக்காரர் கைதானார். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் யானைக்கு உச்சப் பாதுகாப்பு தந்திருந்தும், அன்று இரவு அங்கே நின்றது அந்தக் கம்பி மட்டும்தான்.

அதே ஆண்டில் தமிழக அரசு மின்வேலிகளுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. காட்டை ஒட்டிய நிலங்களில் வேலி போடுபவர் பதிவு செய்ய வேண்டும், தரச்சான்று பெற்ற கருவியே வைக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை சூரிய மின்வேலிக்கு மானியமும் தருகிறது. ஆனால் கொக்கி போட ஒரு ராத்திரி போதும். விவசாய மின்சாரமோ இலவசம். மானிய மனு மேசை மேசையாக நகரும்போது மல்லாட்டை காத்திருக்காது. விதைப்புக்கு முன்பே அந்த மானியம் மலையடிவாரத்துக்கு வந்து சேர வேண்டும். கொல்லைக்குப் போகும் லைன்களை மின்வாரியமும் வனத்துறையும் காய் பிடிக்கும் மாதங்களில் சேர்ந்தே நடந்து பார்க்க வேண்டும்.