கரடி ஏறிய விமானம்

வீடியோ விளையாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டா என ஆசிரிய நண்பர்கள் நகைக்கக்கூடும். உண்டு, உழைத்தவன் ஒருவன், உரிமையாளன் வேறொருவன் என்னும் பழைய வழக்கு அங்கும் நடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் டுவைகிராஸ் என்னும் சிற்றூரில் இருந்த ரேர் நிறுவனம், ஜப்பானிய நிண்டெண்டோவின் கருவிகளுக்கு விளையாட்டுகளை ஆக்கி வந்தது. அவற்றுள் ஒன்று ‘டிடி காங் பைலட்’. டிடி காங் என்னும் குரங்கும் அதன் கூட்டத்தாரும் விமானமேறிப் பந்தயமிடுவர். 2001-இல் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் அதனைக் காட்டினர். மறு ஆண்டே மைக்ரோசாப்ட் 375 மில்லியன் டாலர் கொடுத்து ரேரை வாங்கிற்று. நிறுவனம் கைமாறியது, குரங்கு கைமாறவில்லை. அது நிண்டெண்டோவின் உடைமை.

பந்தயத்தை அமைத்தவர்கள் ரேரின் ஆட்களே. ஆயினும் குரங்கின் பெயரால் அதனை வெளியிட அவர்களுக்கு உரிமையில்லை. இதை நியாயமென்று சட்டம் சொல்லும். நம் மனம் எளிதில் ஒப்புமா? அவர்கள் செய்த வேலையை வீசியெறியாமல், தம் நிறுவனத்துக்கே சொந்தமான பாஞ்சோ என்னும் கரடியை விமானத்தில் ஏற்றினர். 2005-இல் ‘பாஞ்சோ பைலட்’ வெளிவந்தது.

வேடிக்கை என்னவெனில், அக்கரடி முதன்முதல் தலைகாட்டியதே 1997-இல் வந்த ‘டிடி காங் ரேசிங்’ பந்தயத்தில்தான். குரங்கின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தது, எட்டாண்டில் அதன் இருக்கையிலேயே அமர்ந்துவிட்டது! அதுவும் நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்கக் கருவியிலேயே. மைக்ரோசாப்டிடம் அன்று அத்தகைய கருவி இருக்கவில்லை.