அச்சம் நான்கும் அமெரிக்கத் திரையும்

அச்சம் என்னும் மெய்ப்பாடு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கின் வாயிலாகத் தோன்றும் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். அஞ்சுவோரின் நடுக்கத்தைக் காட்டிலும் அஞ்சப்படும் பொருளை முதன்மைப்படுத்தியதே இவ்வகைப்பாட்டின் நுட்பம். ஒரு சமுதாயம் யாரைக் கண்டு அஞ்சுமாறு தன் மக்களுக்குக் கற்பிக்கிறது என அறிய விழைவோர்க்கு இந்நான்கும் நல்ல அளவுகோலாகும். 2017ஆம் ஆண்டு வெளிவந்த 'கெட் அவுட்' என்னும் அமெரிக்கத் திகில் படத்தை, அதற்கு முந்தைய இரு படங்களோடு சேர்த்து இவ்வளவுகோலால் நோக்கினால், ஒரு நூற்றாண்டில் அச்சம் இடம் மாறிய வரலாறு புலனாகும்.

முதலாவது, 1915இல் டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய 'தி பர்த் ஆஃப் எ நேஷன்'. அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு அப்போது ஐம்பது ஆண்டுகள் நிறைந்திருந்தன. விடுதலை பெற்ற கறுப்பின ஆணை, வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் விலங்காக அப்படம் தீட்டியது. அவ்வேடத்தில் நடித்தவரோ முகத்தில் கரி பூசிய வெள்ளையர். கூ கிளக்ஸ் கிளான் என்னும் வன்முறைக் கூட்டம் காவலராகப் போற்றப்பட்டது. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனின் வெள்ளை மாளிகையிலேயே படம் திரையிடப்பட்டது. கறுப்பினத்தவர் உரிமைக்காக 1909இல் தோன்றிய தேசியச் சங்கம் எதிர்த்துப் போராடியும், கலைந்து கிடந்த கிளான் அதே 1915இல் ஜார்ஜியா மாநிலத்தில் மீண்டும் உயிர்பெற்றது. விலங்கு என்று திரையில் காட்டப்பட்டவரே வெளியே வேட்டையாடப்பட்டனர்.

இரண்டாவது, 1968இல் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. இறந்தோர் எழுந்து மனிதரைத் தின்னும் இக்கதை அணங்கின் வழிப் பிறக்கும் அச்சம். பென் என்னும் நாயகனாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். நிறம் கருதி அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று ரொமேரோ கூறியதுண்டு. எனினும் காலம் அப்படத்திற்குத் தன் பொருளைத் தந்தது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் நாள். படம் மக்கள் முன் வந்தது அக்டோபரில். இரவு முழுதும் பிணங்களோடு போராடிப் பிழைத்த பென், விடியலில் காவல் அதிகாரி தலைமையில் வந்த துப்பாக்கிக் கூட்டத்தால் சுடப்பட்டு இறக்கிறான். அவன் உடல் கொக்கியால் இழுக்கப்பட்டு நெருப்பிலிடப்படுகிறது. அணங்குக்குத் தப்பியவன் இறைக்குத் தப்பவில்லை.

மூன்றாவதாகிய 'கெட் அவுட்', தொலைக்காட்சி நகைச்சுவையால் அறியப்பட்டிருந்த ஜோர்டன் பீல் இயக்கிய முதற்படம். கிறிஸ் என்னும் கறுப்பின இளைஞன், தன் வெள்ளைக் காதலியின் பெற்றோர் வீட்டுக்கு விருந்தினனாகச் செல்கிறான். அங்கே ஒருவரும் அவனை வைவதில்லை. ஒபாமா மூன்றாம் முறை நின்றிருந்தாலும் வாக்களித்திருப்பேன் என்கிறார் காதலியின் தந்தை. வந்தோரில் ஒருத்தி அவன் புயத்தைத் தொட்டு வியக்கிறாள்; கறுப்பே இந்நாளின் நாகரிகம் என்கிறார் மற்றொருவர். பின்னரே உண்மை வெளிப்படுகிறது. தோட்டத்தில் ஓசையின்றி ஓர் ஏலம் நடக்கிறது. ஏலப்பொருள் கிறிஸின் உடல். முதுமையும் நோயும் உற்ற வெள்ளையர் தம் மூளையைக் கறுப்பின உடல்களில் பொருத்திக்கொள்ளும் சூழ்ச்சி அது. அவனை ஏலத்தில் எடுத்த பார்வையற்ற கலைவணிகர், நிறம் தனக்குப் பொருட்டன்று, வேண்டுவது கண்ணே என்கிறார்.

இகழ்வது போலப் புகழ்தலும் புகழ்வது போல இகழ்தலும் வஞ்சப்புகழ்ச்சி என்பதைப் புலவர் அறிவர். இவ்வீட்டில் வழங்கும் புகழ்ச்சி அதனினும் கொடிது. இங்கே புகழுக்குள் இகழ்ச்சி ஒளிந்திருக்கவில்லை, விலைமதிப்பு ஒளிந்திருக்கிறது. வெறுப்பு மட்டுமே இனவெறி என்று எண்ணியிருந்தோரைப் படம் கலங்கச் செய்தது இதனால்தான். விரும்புதலும் கொள்ளையாகலாம் என்பதே அதன் செய்தி.

இது வெறுங்கற்பனையன்று. 1859 மார்ச்சில் ஜார்ஜியாவின் சவான்னா நகர் அருகே இரண்டு நாளில் 400க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏலத்தில் விற்கப்பட்டனர். அக்கால ஏலங்களில் வாங்க வந்தோர் பல்லையும் புயத்தையும் தொட்டுப் பார்த்து மதிப்பிட்டனர். உடல் வலிமையைப் புகழ்ந்தவர் விற்பவரே. அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, அரசின் பொதுச் சுகாதாரத் துறை, மேகநோயுற்ற ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களுக்கு இலவச உணவும் மருத்துவக் கவனிப்பும் தருவதாகக் கூறி, உண்மையில் மருந்தே தராது நோயின் போக்கை நோக்கிக்கொண்டிருந்தது. பெனிசிலின் வந்த பின்னும் அது மறைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் கிளிண்டன் 1997இல்தான் மன்னிப்புக் கோரினார். பரிவின் முகத்தோடு உடலைக் கவர வந்த இவர்களே தொல்காப்பியர் சுட்டிய கள்வர். கூடா நட்புக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர்க்கும் இவர்கள் புதியவரல்லர்.

காதலியின் தாய் தேநீர்க் கோப்பையில் கரண்டியைச் சுழற்றி எழுப்பும் ஒலியால் கிறிஸ் மயங்கி, அடியில்லா இருளில் அமிழ்கிறான். கண் காணும், கை அசையாது, குரல் எழாது. அம்மயக்கிலிருந்து அவனைக் காப்பது, நாற்காலியின் கைப்பிடியிலிருந்து பிய்த்தெடுத்துக் காதில் அடைத்துக்கொண்ட பஞ்சு. பருத்திக் காடுகளில் அவன் முன்னோர் உழைத்த வரலாற்றை அறிந்தோர்க்கு இப்பஞ்சு வெறும் பஞ்சன்று.

இறுதியில், தன்னைக் கொல்ல வந்தோரை வீழ்த்தி, குருதி படிந்த கிறிஸ் சாலையில் நிற்கையில், காவல் ஊர்தியின் விளக்கொளி போல ஒன்று படர்கிறது. மீட்பு வந்தது என்று மகிழ வேண்டிய பார்வையாளர் அப்போதுதான் மிகவும் நடுங்குகின்றனர். இது இறையின் வழி வரும் அச்சம். ஊர்தியின் கதவு திறக்க, இறங்குபவன் விமான நிலையக் காவற்பணியிலுள்ள அவன் நண்பன். கிறிஸ் சிறைப்படுவதாகவே பீல் முதலில் படமாக்கியிருந்தார், பின்னர் மாற்றினார். முடிவு மாறிய பின்னும் அவ்விளக்கொளி எழுப்பும் நடுக்கம் மாறவில்லை.

இப்படத்திற்காக 2018இல் மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற பீல், அப்பிரிவில் வென்ற முதல் கறுப்பினத்தவர். 1915இல் அச்சத்தின் பொருளாக நிறுத்தப்பட்டவர், 2017இல் அச்சத்தைத் தம் வாயாலேயே உரைத்தார். அஞ்சப்படுவோராகவே காட்டப்பட்டவர் தாம் அஞ்சியதைச் சொல்ல ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அச்சத்தைப் பாட முனையும் கவிஞர், யார் நடுங்குகிறார் என்பதோடு, யாருடைய நடுக்கம் இதுவரை பாடப்படவில்லை என்பதையும் எண்ணுதல் தகும்.