வேண்டலும் விசுவாசமும்: முத்துக்குளித்துறை மதமாற்றத்தில் அற்புதங்களின் இடம்

முன்னுரை

பேராக் மாநிலத்துச் சித்தியவான் நகரின் வரலாறு ஒரு திருச்சபையின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்ததாகும். 1903 செப்டம்பரில் சீனாவின் பூச்சாவ் வட்டாரத்திலிருந்து ஏறத்தாழ 360 பேர் மெதடிஸ்த திருச்சபைப் பாதிரியார் லூரிங்கின் முயற்சியால் இங்கு வந்து, கம்போங் கோ பகுதியில் குடியேறினர். அரசு நிலம் தந்தது; திருச்சபை மக்களைத் திரட்டியது. வந்தவருள் பெரும்பாலோர் கிறித்தவர். பின்னர் இவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பேராக்கின் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தோருள்ளும் கிறித்தவர் இருந்தனர். சவரிமுத்து, சூசை, அந்தோணி முதலிய பெயர்கள் அவர்தம் பழைய ஊர்களின் சமய வரலாற்றைத் தாங்கி வந்தவை.

இத்தகைய மக்களைப் பற்றி இருவகைக் கூற்றுகள் வழங்குகின்றன. சோற்றுக்கும் நிலத்துக்கும் காப்புக்கும் ஆசைப்பட்டு மதம் மாறினர் என்பது ஒன்று. புனிதர் செய்த அற்புதங்களைக் கண்டு மாறினர் என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டிலும் மதம் மாறிய மக்களுக்குச் சொந்தச் சிந்தனை இல்லை. இக்கருத்து ஏற்கத்தக்கதா என்பதைச் 'சவரிமுத்து' என்னும் பெயர் நினைவூட்டும் 16ஆம் நூற்றாண்டு முத்துக்குளித்துறையின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தொடக்கத் திருச்சபையும் அற்புதங்களும்

இச்சிக்கல் கிறித்தவத்தின் தொடக்கக் காலத்திலிருந்தே இருந்துவருவது. விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் முடவர் நடப்பதும் நோயாளர் குணமடைவதும் மக்கள் மனமாற்றத்தோடு இணைத்தே பேசப்படுகின்றன. உரோமப் பேரரசின் கிறித்தவமயமாக்கத்தை ஆராய்ந்த ராம்சே மெக்மல்லன், 1984இல் வெளிவந்த தம் நூலில், பேயோட்டுதல் முதலிய வல்ல செயல்களே பாமர மக்களை ஈர்த்தன என வலியுறுத்தினார். 1996இல் ரோட்னி ஸ்டார்க் என்னும் சமூகவியலறிஞர் வேறொரு விளக்கம் தந்தார். உறவு, நட்பு ஆகிய பிணைப்புகளும் கொள்ளைநோய்க் காலத்தில் கிறித்தவர் ஒருவரையொருவர் பேணிய முறையும் அச்சமயத்தின் வளர்ச்சிக்குக் காரணமாயின என்பது அவர் கொள்கை.

அற்புதங்களை எழுதிவைக்கும் வழக்கமும் பழமையானதே. புனித அகுஸ்தீனார் தம் 'கடவுளின் நகரம்' நூலின் 22ஆம் பகுதியில், ஹிப்போ நகரில் இரண்டாண்டுகூட நிறைவுறாத காலத்துள் ஏறத்தாழ 70 அற்புதப் பதிவுகள் எழுதப்பெற்றதைக் குறிப்பிடுகிறார். நிகழ்ச்சி வேறு, அது பதிவாகும் முறை வேறு என்னும் வேறுபாட்டை நாம் இங்கேயே மனங்கொள்ளுதல் வேண்டும்.

சவேரியாருக்கு முந்திய மதமாற்றம்

முத்துக்குளித்துறைப் பரதவரைக் கிறித்தவராக்கியவர் புனித சவேரியார் என்பது பரவலான எண்ணம். கால வரிசை இதற்கு இடந்தரவில்லை. 1530களில் முத்துக்குளிப்புரிமை தொடர்பாகப் பரதவருக்கும் அக்கடற்கரையில் செல்வாக்குப் பெற்றிருந்த முஸ்லிம் வணிகருக்குமிடையே கடும் பூசல் மூண்டது. அப்போது குதிரை வணிகரான ஜோவான் த குரூஸ் என்னும் மலையாளக் கிறித்தவர், போர்த்துக்கீசியரின் துணையை நாடுமாறு பரதவருக்கு அறிவுரை கூறினார். அதன்படி பரதவத் தலைவர்கள் கொச்சிக்குத் தூது சென்று அங்குத் திருமுழுக்குப் பெற்றனர். அதனைத் தொடர்ந்து 1536-37இல் கடற்கரை ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். 1538இல் வேதாளையில் நடந்த போரில் போர்த்துக்கீசியர் வென்றதும் அவர்கள் எதிர்பார்த்த காப்பு உறுதியாயிற்று.

சவேரியார் இக்கரைக்கு வந்தது 1542 அக்டோபரில்தான். ஆகவே முதல் மதமாற்றம் ஊர்த்தலைவர் கூடி எடுத்த முடிவு. அதற்கு முன் அற்புதம் எதுவும் நிகழ வேண்டியிருக்கவில்லை. அதனை ஏமாந்த மக்களின் செயல் என்றும் கூறவியலாது. தம் தொழிலும் உயிரும் இடருக்குள்ளான வேளையில், ஒரு சமுதாயம் யாரோடு சேர்வது எனத் தேர்ந்து எடுத்த முடிவு அது.

கடிதங்கள் காட்டும் அற்புதம்

1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில் சவேரியார் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். தலைவனுக்கு அஞ்சிக் கிறித்தவம் தழுவாதிருந்த ஓர் ஊரில் ஒரு பெண் மூன்று நாளாகப் பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு விசுவாச அறிக்கையை விளக்கி, அவள் ஏற்றதும் திருமுழுக்களித்தார். அவள் பிள்ளை பெற்றாள். குடும்பத்தாரும் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் ஊர்மக்கள் உடனே மாறிவிடவில்லை. தலைவனின் இசைவு வேண்டும் என்றனர். வரி தண்ட வந்திருந்த அவன் பணியாளன் இசைவளித்த பின்னரே மாறினர்.

இப்பகுதி பெரிதும் கவனிக்கத்தக்கது. கண்முன் நிகழ்ந்ததாக அவர்கள் நம்பிய அற்புதத்திற்குப் பிறகும் வரி தண்டுவோனின் சொல் தேவைப்பட்டது. அற்புதம் மனத்தைத் திறந்தது. அதிகாரமே வழியைத் திறந்தது.

1544 தொடக்கத்தில் எழுதிய மற்றொரு கடிதத்தில், நோயாளரின் வீடுகளுக்கெல்லாம் தம்மால் செல்ல இயலாமையால் செபங்களைக் கற்ற சிறுவரை அனுப்பியதாக அவர் தெரிவிக்கிறார். மருத்துவ வசதியற்ற மீனவர் குடிசைகளில் ஊர்ச் சிறுவரே செபம் சொல்லி நோயாளரைத் தேற்றினர். அற்புதக் கதைகளின் சமூகக் களம் இதுவேயாகும்.

மலாக்காவும் சாட்சியப் பதிவும்

இறந்தோரை எழுப்பியதாகவோ பன்மொழி வரம் பெற்றதாகவோ சவேரியார் தம் கடிதங்களில் எங்கும் கூறவில்லை. 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கடலோரத்துச் சாங்சுவான் தீவில் அவர் காலமானார். 1553இல் அவருடல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டுச் சில திங்கள் அங்கிருந்தது; பின்னர்க் கோவாவுக்குச் சென்றது. 1556இல் போர்த்துக்கல் மன்னரின் ஆணைப்படி கோவா, கொச்சி, பசேன், மலாக்கா ஆகிய இடங்களில் சாட்சியங்கள் திரட்டப்பட்டன. கொம்புத்துறையில் கிணற்றில் விழுந்து இறந்த சிறுவன் எழுந்த கதை போன்றவை அவர் மறைவுக்குப் பின்னரே திரட்டப்பெற்ற சாட்சியங்களின்வழி நிலைபெற்றன. 1622இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. ஆக, ஹிப்போவில் நிகழ்ந்ததே நம் மலாக்காவிலும் நிகழ்ந்தது. மக்களின் நினைவு ஆவணமாகியது, ஆவணம் மரபாகியது.

'வேணும்' என்னும் சொல்

தமிழாசிரியர்களுக்குச் சுவையூட்டும் சான்றொன்று உண்டு. சவேரியார் தமிழறிந்தோர் சிலரின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனனம் செய்தவர். அத்தமிழாக்கத்தில் 'நம்புகிறேன்' என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்னும் சொல் அமைந்திருந்தது. 1544இல் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அதனை நீக்கி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுமாறு அவர் அறிவுறுத்தினார். பன்மொழி வரம் பெற்றவர் எனப் பின்னாளில் போற்றப்பட்டவர், ஒரு தமிழ் வினைக்காக இவ்வாறு உழைத்தார் என்பது அவர் பெருமையைக் குறைப்பதன்று, கூட்டுவதே எனலாம்.

மொழிபெயர்ப்பில் நேர்ந்த அப்பிழை வரலாற்று நோக்கில் ஓர் உண்மையையும் உணர்த்துகிறது. பரதவர் முதலில் வேண்டினர். காப்பு வேண்டினர், பிள்ளைப்பேறு வேண்டினர், நோய் நீங்க வேண்டினர். விசுவாசம் பின்னர் வந்தது. அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்று 1578இல் 'தம்பிரான் வணக்கம்', 1586இல் 'அடியார் வரலாறு' ஆகிய நூல்களை அச்சேற்றிய காலத்தில் அது அவர்தம் சொந்த மரபாகவே வேரூன்றிவிட்டது.

முடிவுரை

அற்புதம் நிகழ்ந்ததா என்னும் வினாவுக்கு விடை கூறுவது வரலாற்றாசிரியரின் வரம்பிற்கு அப்பாற்பட்டது. யார், எப்போது, எத்தேவையில் அதனைச் சொன்னார் என்பதை ஆராய்வதே அவர் கடமை. அவ்வாறு ஆராயுங்கால், தேவையில் தொடங்கிய சமயமாற்றம் போலியானது என்னும் முடிவு நிலைபெறாமை தெளிவாகும். கம்போங் கோவில் முதலில் நிலம் தேடி வந்தோரின் வழித்தோன்றல்கள் நூறாண்டுக்குப் பின்னும் வழிபட்டு வருகின்றனர். முத்துக்குளித்துறையிலோ, கடலோர அரசியலில் தமக்குக் காப்பளித்த போர்த்துக்கீசியர் அக்கரையை 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்த பின்னும் பரதவர் தம் சமயத்தைக் கைவிடவில்லை. காப்புக்காக மட்டுமே மாறியிருப்பின், காப்பு நீங்கியபோது அதனையும் விட்டிருப்பர். அம்மக்களின் வரலாற்றைக் கற்பிக்கும் நாம் அவர்களை ஏமாந்தோர் என்றோ விலைபோனோர் என்றோ கூறாதிருத்தல் அவர்களுக்குச் செய்யும் சலுகையன்று; சான்றுகள் வேண்டும் நேர்மையாகும்.