பெட்டியில் வந்த கார்கள்

கிட் கார் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். கார் கம்பெனி வண்டியை முழுதாகத் தராது. சேஸிஸ், பாடி, சஸ்பென்ஷன் என்று பெட்டி பெட்டியாகத் தரும். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏதோ ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றிக்கொள்ள வேண்டியது. வாங்கியவர் வீட்டு ஷெட்டில் ஸ்பானரை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒருநாள் அதை ஓட்டிக்கொண்டு வெளியே வருவார். பிறகு அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் நாலு பேரோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றக் கிளம்புவார். பாதி வழியில் ஒன்று நிற்கும். மற்றவர்கள் இறங்கி ரிப்பேர் பார்ப்பார்கள். அதுவும் அந்தச் சந்தோஷத்தில் சேர்த்தி!

இந்தப் பழக்கத்தின் பிறந்த வீடு இங்கிலாந்து. காரணம் கார் மோகம் என்று நினைத்தால் பாதிதான் சரி. மீதிப் பாதி, வரி. அந்த நாட்டில் புதுக் காருக்குப் 'பர்ச்சேஸ் டாக்ஸ்' உண்டு. ஆனால் உதிரி பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. 1957-ல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் 'செவன்' என்ற இரண்டு சீட் வண்டியைக் கொண்டுவந்தார். கதவு கிடையாது, எடை அரை டன்கூட வராது. பெட்டியாக வாங்கினால் விலை மளமளவென்று இறங்கியது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிச் சலுகை போய்விடும் என்பதால், 'கழற்றும் முறை' என்று ஒரு புத்தகம் கொடுத்தார்களாம்; வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ள வேண்டியது! 1973-ல் பர்ச்சேஸ் டாக்ஸ் போய் வாட் வந்ததும் அந்தச் சலுகையும் போனது. அதே வருடம் செவனைத் தயாரிக்கும் உரிமையை கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு லோட்டஸ் வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. வணிகவியல் மாணவர்கள் கவனிக்க: ஒரு நிதிநிலை அறிக்கை ஒரு கார் வகையையே பெற்றெடுக்கவும் முடியும், அநாதை ஆக்கவும் முடியும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

மெட்ராஸில் கிட் கார் உண்டா என்று கேட்டால், ஒரு காலத்தில் இங்கே தயாரான கார் எல்லாமே கிட் கார்தான் என்று சொல்லலாம். என்ன ஒன்று, பூட்டியது வீட்டுக்காரர் இல்லை, தொழிற்சாலை. 1949-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் (பின்னாளில் அசோக் லேலண்ட்) ஆஸ்டின் ஏ40 கார்களை அப்படித்தான் செய்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் பெட்டிகள் வரும், இங்கே பூட்டி விற்பார்கள். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி வான்கார்ட் காரை அதே முறையில் ஆரம்பித்தது. 1953-ல் அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது: படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இருப்பவர்கள் மட்டும் இருக்கலாம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் கிளம்பலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. கார் செய்ய மூன்று பேர்தான் மிச்சம். கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட்.

பெட்டியில் வந்ததை நிறுத்தி, உள்ளூரிலேயே செய் என்று சொன்னதன் பலன் எங்கே தெரிந்தது என்றால், மெட்ராஸின் மேற்கில். அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. லூகாஸ் டிவிஎஸ் (1961) டைனமோவும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்தது. பிரேக்ஸ் இந்தியா (1962) பிரேக், வீல்ஸ் இந்தியா சக்கரம், சுந்தரம் கிளேட்டன் (1962) லாரிக்கு ஏர் பிரேக். கொஞ்சம் தள்ளி அம்பத்தூரில் டன்லப் டயர். ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் குழாய்கள். அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. இவற்றை நம்பி அம்பத்தூர் தொழிற்பேட்டை முழுக்க லேத் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் முளைத்தன. ஒரு காருக்கு வேண்டிய பாதிப் பொருளை அம்பத்தூர் பஸ் ரூட்டிலேயே வாங்கிவிடலாம் என்ற நிலை.

கைவேலை தெரிந்த ஆள் இருக்கிறார், சாமான் இருக்கிறது. அப்புறம் ஏன் இங்கே ஒரு லோட்டஸ் செவன் பிறக்கவில்லை?

இதற்குப் பதில் சொல்ல ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பற்றிப் பேச வேண்டும். பழைய மெட்ராஸ்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வண்டி. வண்டலூரில் 1961-லிருந்து தயாரானது. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரயம்ஃப் ஹெரால்ட் என்று வந்ததன் இந்தியப் பதிப்பு. வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிகெலோட்டி. 948 சிசி எஞ்சின். பானெட்டை இழுத்தால் முன்பக்க மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த மூக்கும் முன்னால் சாய்ந்துவிடும். முன்சக்கரத்தின் மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்தக் கார் கம்பெனியும் செய்ததில்லை.

விஷயம் அதன் அடியில் இருக்கிறது. அந்தக் காலத்துப் புதுக் கார்கள் பலவற்றில் பாடியும் சேஸிஸும் ஒன்றாகவே வார்த்த மாதிரி இருக்கும். ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ். காரணம் தொழில்நுட்பம் இல்லை, வியாபாரம். பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, போல்ட் போட்டுச் சேஸிஸ் மேல் முடுக்கினார்கள். ஆக ஹெரால்டே ஒரு பெரிய கிட்தான்! பின்னாளில் இங்கிலாந்தில் துருப்பிடித்த ஹெரால்டுகளின் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே சேஸிஸ் மேல் ஸ்பார்ட்டன், ஜென்ட்ரி என்ற பெயர்களில் பழைய எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார் தோற்றத்தில் கிட் பாடிகளை மாட்டினார்கள்.

'துருப்பிடித்த ஹெரால்டு' என்ற இடத்தில்தான் இங்கிலாந்துக்கும் நமக்கும் வித்தியாசம். கிட் கார் ஆட்டத்துக்கு முதல் தேவை, மலிவான குப்பை. அங்கே 1960-ல் வருடாந்திரத் தகுதிச் சோதனை வந்தது. அதில் தோற்ற வண்டிகள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன, எஞ்சின் மட்டும் நல்ல நிலையில். இங்கே? காருக்குப் பெயர் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தேசம் இது. ஃபியட் கையில் கிடைத்த அன்றே அதிக விலைக்கு விற்கலாம். கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் எழுதலாம், சந்தையில் விலை இறங்காது. அப்பா ஓட்டியதை மகன் ஓட்டினார், மகன் விற்றதை டாக்ஸிக்காரர் ஓட்டினார். அதற்கும் பிறகு புதுப்பேட்டையில் பிரித்துப் பாகம் பாகமாக இன்னொரு வண்டிக்குள் போனது. நாலு பேர் குடும்பத்தோடு போகக்கூடிய காரைக் கழற்றி இரண்டு பேர் காற்று வாங்கும் வண்டி செய்கிறேன் என்று அந்தக் காலத்தில் வீட்டில் சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

ஆனாலும் ஆசை சும்மா இருக்குமா? அதற்கு ஒரு இடம் கிடைத்தது. சோழவரம்.

செங்குன்றம் தாண்டி, கல்கத்தா போகும் ஜிஎன்டி ரோட்டில், இரண்டாம் உலகப்போரின்போது போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. அந்த ஐம்பதுகளிலேயே சோழவரத்தில் பந்தயம் வந்துவிட்டது. கல்கத்தாக்காரர்களுக்குப் பாரக்பூர் ஓடுதளம் என்றால் நமக்கு இது. கொண்டாட்டம் என்றால் அப்படி ஒரு கொண்டாட்டம். கோண்டல் மகாராஜா வெளிநாட்டு ஃபார்முலா காரோடு வருவார். எண்பதுகளில் விஜய் மல்லையா எஃப்1-ல் ஓடிய என்சைன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். (பிற்காலத்தில் அவர் வேறு வகை ஓட்டத்துக்குப் பேர் போனது தனிக்கதை.)

ராஜாக்களையும் தொழிலதிபர்களையும் விட முக்கியம், அதே களத்தில் இறங்கிய உள்ளூர் வண்டிகள். இறக்குமதிக்கு லைசென்ஸ் கிடைக்காது, கிடைத்தாலும் வரி கட்ட முடியாது. அதனால் ஃபியட், ஹெரால்ட், அம்பாசிடர் பாகங்களை வைத்துப் பட்டறையில் செய்த 'ஸ்பெஷல்'கள். பேர்தான் வேறு, செய்த வேலை லோட்டஸ்காரர்கள் ஷெட்டில் செய்த அதே வேலை. ஒரே வித்தியாசம், இந்த வண்டிகளுக்கு நம்பர் பிளேட் கிடையாது. சோழவரத்துக்கு லாரியில் வரும், ஓடும், லாரியிலேயே திரும்பிப் போகும்.

இந்த வேலையைத் தொழிலாகவே ஆக்கிக்காட்டியவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். மில் முதலாளி குடும்பம். பெங்களூரில் சிபானி கம்பெனி தயாரித்த ஃபைபர் கிளாஸ் டால்ஃபின் காரில் (இதுவும் இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனின் தம்பிதான்) ஜெயித்துக்கொண்டிருந்தவர், மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை சீட் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சேஸிஸ், எட்டக்கூடிய விலை. பணம் இருப்பவன் ஜெயிப்பான் என்பது போய், ஓட்டத் தெரிந்தவன் ஜெயிப்பான் என்று ஆட்டமே மாறியது. நாராயண் கார்த்திகேயன் முதல் அஜித் குமார் வரை அதில் ஓட்டியவர்கள்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். 2003-ல் கோவை செட்டிப்பாளையத்தில் திறந்த ஓடுதளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

மெட்ராஸ் கிளப்பும் சோழவரத்தை விட்டு, பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு டிராக் போட்டது. 1990-ல் திறந்தார்கள். 3.7 கிலோமீட்டர். எட்டு வருடம் கழித்து அதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ செய்ய ஆரம்பித்தது. அதே சமயத்தில் ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைக் கொண்டுவந்தது. 2007-ல் சிங்கப்பெருமாள் கோயிலில் பிஎம்டபிள்யூ பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்ட ஆரம்பித்தது. ஏன் பெட்டியில்? முழு வண்டியாக இறக்கினால் வரி பல மடங்கு! 1949-ல் எண்ணூரில் பார்த்த படம் மறுபடியும் ரிலீஸ்.

சரி, லோட்டஸ் செவன் மாதிரி வண்டி இந்தியாவில் கடைசிவரை வரவே இல்லையா? வந்தது. சிங்காரா மோட்டார்ஸ் என்ற சிறிய கம்பெனி, செவன் சாயலில் ரோட்ஸ்டர் 1.8எஸ் என்று ஒன்றைச் செய்தது. அதற்குள் இருந்த எஞ்சின், நம்ம கான்டெஸா காரில் வந்த இசுசு 1.8 லிட்டர். ஆனால் விரல் விட்டு எண்ணுகிற ஆட்கள்தான் வாங்கினார்கள். வீட்டில் தானே பூட்டிய காரை ரோட்டில் ஓட்டுவது அதைவிடக் கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. தகுதிச் சோதனை, பாதுகாப்பு என்று இதில் நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் இங்கிலாந்தில் ஒற்றை வண்டியைச் சோதித்து அனுமதி தர ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஷெட்டில் பூட்டிய கார் பரீட்சை எழுதலாம், பாஸானால் ரோட்டுக்கு வரலாம். இங்கே பரீட்சை எழுதவே ஹால் டிக்கெட் இல்லை.

அதனால் ஸ்பானர் பிடிக்கும் ஆசை பழைய கார் பக்கம் திரும்பியது. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் கண்காட்சியும் ஊர்வலமும் நடத்துகின்றன. வெயில் ஏறுவதற்குள் கிளம்பி வெயிலுக்கு முன் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரேடியேட்டர் கொதிக்கும். எல்லோரும் கூட்டமாகப் போவது பந்தாவுக்கு மட்டும் இல்லை. பழைய காருக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டர் கிடையாது. பக்கத்தில் ஓடும் இன்னொரு பழைய கார்தான் சர்வீஸ் சென்டர். ஒருவர் டிக்கியில் பாயின்ட் செட், இன்னொருவர் டிக்கியில் கயிறு.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். ஹெரால்டுக்குப் பின் 1972-ல் கெஸல் வந்தது. பின்னர் 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000, அது ஓடவில்லை. 1988-ல் தொழிற்சாலையே நின்றது. அன்றிலிருந்து எந்தச் சாமான் வேண்டுமானாலும் ஒன்று புதுப்பேட்டை, இல்லை இங்கிலாந்திலிருந்து தபால், இல்லை லேத்தில் கடைந்து எடுக்க வேண்டியது.

2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி போட்டது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும். நம்பர் பிளேட்டில் விஏ என்ற எழுத்து. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு. தினசரி ஆபீஸ் போக எடுக்கக் கூடாது; கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க எடுக்கலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பெட்ரோல் விலைக்குப் பயந்து பழைய காருக்குள் டீசல் எஞ்சினைத் திணித்த காலம் ஒன்று இருந்ததே, அந்த வண்டிகளுக்கெல்லாம் இதில் சிக்கல்தான். ஒரிஜினல் எஞ்சினை எடைக்குப் போடாமல் கோணியில் சுற்றி மூலையில் போட்டு வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.