பாட்டனார் பிறந்த ஊர்

அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலம் 1910-இல் இயற்றிய தேர்தல் விதியில் கறுப்பர் என்னும் சொல்லே கிடையாது. 1866 ஜனவரி முதல் நாளிலேனும் அதற்கு முன்னரேனும் வாக்குரிமை பெற்றிருந்தோரின் சந்ததியாருக்கு எழுத்தறிவுச் சோதனை வேண்டாம் என்றது, அவ்வளவே. அடிமைத்தளையினின்று அப்பொழுதுதான் மீண்டவரின் பிள்ளைகள் எந்தப் பாட்டனைக் காட்டுவர்? சூழ்ச்சியை உணர்ந்த உச்ச நீதிமன்றம் 1915-இல் அவ்விதியை வீழ்த்தியது.

நம்மவர் தேயிலை மலைகளில் உழைத்த இலங்கையிலும் பாட்டனையே வினவினர். 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, அத்தீவிற் பிறந்தது மாத்திரம் போதாது. தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்திருத்தல் வேண்டும். கங்காணியுடன் காடு வெட்டச் சென்றவருக்குப் பிறப்புச் சீட்டு யார் எழுதினர்? தோட்டக் கிராணியாகிய யான் அறிவேன்: பெயரேட்டில் ஆளின் கூலி ஏறும், அவன் பாட்டன் பிறந்த ஊர் ஏறாது.

1949-இல் வாக்கும் பிரஜைகளுக்கே என்றாயிற்று. கோடகன் பிள்ளை என்பார், எச்சமூகத்தையும் தனித்து ஒடுக்கலாகாது என்னும் அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவைக் காட்டி வழக்காடினார். அது பிரஜாவுரிமை பற்றிய சட்டமேயென்று கூறி, 1953-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அவர் முறையீட்டைத் தள்ளிற்று. அச்சட்டத்திலும் தமிழர் என்னும் சொல் இல்லைதான்! நாடற்றோராய் எஞ்சியவருக்குக் குடியுரிமை நல்கும் சட்டம் 2003-இல் வந்தது.