பத்தொன்பது அங்குலம்

என்னோடு பி.காம். படித்த நண்பர் ஒருவர் ஆடிட்டர். சில வருஷங்களுக்கு முன்னால் ஆபீசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் சர்வர் வாங்கினார். 30 கிலோ இருக்கும். இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கி ரேக்கில் வைக்கப் போனால், உட்காரவில்லை. கூடவே வந்த ரெயில் அதே கம்பெனிதான். ஆனால் முந்தைய மாடலுக்கு உரியது. சர்வரின் பக்கவாட்டில் இருக்கும் குமிழ்கள் ஓரிடத்தில், அவை போய் மாட்டவேண்டிய பள்ளங்கள் வேறிடத்தில். முடிவு? ஊரார் கணக்கு வழக்கு முழுக்க 11 நாள் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் தரை துடைக்கும் அம்மாவின் தண்ணீர் வாளி. செப்டம்பர் கடைசி வேறு. ஆடிட்டருக்குத் தூக்கம் வருமா?

"ரேக் எல்லாம் ஒரே சைஸ்தானேய்யா? அப்புறம் ஏன் மாட்ட மாட்டேங்குது?" என்று போனில் புலம்பினார்.

நியாயமான கேள்வி. பதில் தெரிய வேண்டுமென்றால் நூறு வருஷம் பின்னால் போகவேண்டும். கம்ப்யூட்டரே இல்லாத காலத்துக்கு.

1915, ஜனவரி 25. நியூயார்க்கில் கிரஹாம் பெல். அமெரிக்காவின் மறுகோடியான சான்ஃபிரான்சிஸ்கோவில் அவருடைய பழைய உதவியாளர் வாட்ஸன். இருவரும் போனில் பேசினார்கள். பெரிய சாதனை. ஏனென்றால், கம்பியில் போகப் போகக் குரல் தேய்ந்துவிடும். வழியில் அங்கங்கே அதைப் பிடித்து, வலுவேற்றி அனுப்ப ஒரு கருவி வேண்டும். அதற்குப் பெயர் ரிப்பீட்டர்.

ஆரம்பத்தில் இந்த ரிப்பீட்டர்களை வைத்த லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒன்று அலமாரியில், ஒன்று மரப்பெட்டியில், இன்னொன்று பீரோவில். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம் செய்தார்கள். வெளியூர் பேசுகிறவர்கள் பெருகப் பெருக, எக்ஸ்சேஞ்சில் கால் வைக்க இடமில்லை.

1922 வாக்கில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் இன்ஜினீயர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். இரண்டு இரும்புத் தூண். நடுவே மாட்டுகிற பலகை எதுவானாலும் அகலம் 19 அங்குலம். உயரம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் 1¾ அங்குலத்தின் மடங்காக இருக்கவேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

அந்த 1¾ அங்குலத்தைத்தான் இன்றைக்கு ஒரு 'யு' என்கிறார்கள். 44.45 மில்லிமீட்டர். 1965-ல் எலக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ் அசோசியேஷன் இதை ஆர்.எஸ். 310 என்று எழுதிவைத்து, பொதுச் சொத்தாக்கியது. ரேடியோ ஸ்டேஷன், லேபரட்டரி என்று எல்லா இடத்திலும் அதே 19 அங்குலம். கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. அதுவும் டெலிபோன்காரர் கட்டிய வீட்டிலேயே குடியேறிவிட்டது.

இங்கேதான் சிக்கல். டெலிபோன் பலகை இலேசானது. முன்பக்கம் நாலு ஸ்க்ரூ முடுக்கினால் நின்றுவிடும். சர்வர் அப்படியா? 70, 80 சென்டிமீட்டர் ஆழம். முன்னால் மட்டும் முடுக்கினால் பின்பக்கம் தொங்கி, காதைப் பிய்த்துக்கொண்டு விழும். ஆகவே பின்னாலும் இரண்டு தூண் வந்தது. முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே சர்வரைத் தாங்க ரெயில் வந்தது.

ஆனால் இரண்டு தூண்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? எல்லோருக்கும் பொதுவாக ஒரே அளவு கிடையாது. ரெயில் சர்வரோடு எப்படிக் கோத்துக்கொள்ளவேண்டும்? அதற்கும் பொதுச் சட்டம் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒன்று செய்துகொண்டது. நம் பாஷையில் சொன்னால், பற்றுப் பக்கம் ஊருக்கெல்லாம் ஒன்று. வரவுப் பக்கம் அவரவர் இஷ்டம். டாலி ஆகுமா?

ஆகவே, வாங்குமுன் நாலு விஷயம் பாருங்கள். முதலாவது, சர்வரின் சரியான மாடல், எந்தத் தலைமுறை என்பது வரைக்கும். கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. இரண்டாவது, தூணில் இருக்கும் ஓட்டை. சதுரமா, வட்டமா, மரை போட்டதா? ஸ்க்ரூ இல்லாமல் 'டிக்'கென்று மாட்டுகிற ரெயில் மரை ஓட்டையில் பெரும்பாலும் நிற்காது. மூன்றாவது, முன் தூணின் முகத்திலிருந்து பின் தூணின் முகம் வரை டேப் பிடித்து அளந்துவிடுங்கள். ரெயில் நீளுகிற எல்லைக்குள் அது வரவேண்டும். நாலாவது, எடை. டிராயர் மாதிரி வெளியே இழுக்கிற ரெயில் என்றால் ரேக் முன்பக்கம் சாயாமல் தரையோடு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சர்வர் மட்டுமில்லை, ரேக்கே மேலே வந்து விழும்.

2011-ல் ஃபேஸ்புக் ஆரம்பித்த ஓப்பன் கம்ப்யூட் திட்டம், இந்தப் பழைய வீட்டையே இடித்துக் கட்டப் பார்த்தது. அதில் உள்ளகலம் 21 அங்குலம், ஒரு யூனிட் 48 மில்லிமீட்டர். பெரிய டேட்டா சென்டர்களுக்குச் சரி. நம் ஆடிட்டர் ஆபீசில் இன்றும் 1922-தான் ஆட்சி.

நண்பர் பிறகு சரியான ரெயிலைத் தேடிப் பிடித்து வாங்கினார். கையோடு, ரேக் கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டினார். மாடல் நம்பர், சதுர ஓட்டை, தூண்களுக்கு இடையே 740 மில்லிமீட்டர். அன்று அமெரிக்க இன்ஜினீயர்கள் எழுதாமல் விட்ட வரியை, ஒரு ஆடிட்டர் தன் ஆபீசுக்கு மட்டும் எழுதி முடித்துவிட்டார்.